தீர்ந்த கடனும் தீராத எழுத்தும்

(திருமுக்கூடலில் கூடிய நம் சங்கத்துத் தை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பார்வேட்டை உற்சவம் முடிந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்கு எழுந்தருளி, மாலையில் பாலாற்றைக் கடந்து இவ்வூர் அப்பன் வேங்கடேசப் பெருமாள் சந்நிதிக்கு வந்த கோலம் நம் கண்ணை விட்டு அகலாதிருக்கும் இவ்வேளையில், கடனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றபோது எம் இல்லத்தாரே தடுத்தனர். மங்கலமான மாதத்தில் அமங்கலப் பேச்சு வேண்டாம் என்பது அவர்கள் அபிப்பிராயம். யாம் அவ்வாறு கருதவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூர்க் கோயிற்சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருப்பதை நீவிர் அறிவீர். 15 கட்டில்கள் இட்ட ஆதுலர்சாலை ஒன்றை நடத்துவதற்கு, மருத்துவன் முதல் மருந்து கொணர்வோர் வரையில் யார் யாருக்கு என்ன அளக்க வேண்டும் என்பதை அதில் வெட்டிவைத்தார்கள். வரவு செலவைத் தெய்வத்தின் சுவரிலேயே எழுதிவைத்த ஊர் இது. இங்கே கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு நாள் பார்க்க வேண்டுவதில்லை.

காரியதரிசி அவர்கள் எமக்குக் கொடுத்த தலைப்பு "குடும்பப் பொருளாதாரம்" என்பது. அது கடல் போன்ற விஷயம். அதில் ஒரு சிறு துறையில் மாத்திரம் இறங்குவோம். கடனாளி ஒருவர் பாங்கியுடன் முறைப்படி உடன்பாடு செய்துகொண்டு, ஒத்துக்கொண்ட தொகையைச் செலுத்தி முடித்துவிட்டார். அதன்பின் வீடு கட்டுவதற்கு வேறொரு கடன் வேண்டி மனையை ஈடாக வைக்கப் போகிறார். அப்போது நேருவது யாது என்பதே நம் விஷயம். இதை யாம் புத்தகத்திற் படித்துச் சொல்லவில்லை. நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறோம். அவருடைய சம்மதம் பெற்றே சொல்கிறோம், பெயரைச் சொல்லோம். அதில் எம்முடைய பிழையும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு உபதேசம் செய்ய வந்தால் நீவிர் எம்மை நகையாடுவது நியாயமாகும்.

அவர் வாலாஜாபாத்தில் ஒரு சிறு இரும்புக்கடை வைத்திருந்தவர். 2018ஆம் ஆண்டில், தம் பெயரிலுள்ள மனையின் பத்திரத்தை ஒரு பாங்கியில் ஒப்படைத்து 4,00,000 ரூபாய் கடன் பெற்றார். இரண்டு வருஷம் தவணை தவறாமற் செலுத்தினார். 2020இல் ஊரடங்கு வந்தது. ரிசர்வ் பாங்கியின் அனுமதிப்படி மார்ச்சு முதல் ஆகஸ்டு வரையில் தவணைகளை ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதானிருந்தது என்பதை நம்மவரிற் பலர் பின்னரே அறிந்தனர். கடை திறந்தபோது வாடிக்கை போய்விட்டது. தவணைகள் நின்றன, நோட்டீசு வந்தது. 2021ஆம் ஆண்டு முடிவில் பாங்கிக் கணக்கின்படி நிலுவை 3,80,000 ரூபாய். அப்போது பாங்கியார், "ஒரே தவணையில் 2,50,000 ரூபாய் செலுத்தினால் மீதியை விட்டுவிடுகிறோம்" என்று கடிதம் அனுப்பினர். இதைத்தான் ஓ.டி.எஸ். என்றும், செட்டில்மெண்டு என்றும் சொல்கிறார்கள்.

அவர் அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து யோசனை கேட்டார். முழுத்தொகையையும் இரண்டு மூன்று வருஷத்தில் சிறுகச் சிறுகச் செலுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம். யாமோ, "ஒரு லக்ஷத்து முப்பதினாயிரம் ரூபாயை ஒருவன் விட்டுத் தருகிறேன் என்று வரும்போது வேண்டாமென்பவன் பித்தன்" என்று சொன்னோம். அவ்வார்த்தை எமக்கு இன்றும் நினைவிலுள்ளது. அவர் மனைவியின் நகைகளை விற்று 2022 மாசியில் பணத்தைக் கட்டினார். பாங்கியார் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தனர். அன்று அவர் வீட்டில் யாமும் பாயசம் உண்டோம்.

இரண்டு வருஷம் சென்றது. கடை மறுபடியும் தலையெடுத்தது. ஓட்டு வீடு ஒருபக்கம் சரிந்தமையால், அந்த மனையிலேயே மாடிவீடு கட்டுவதற்கு 8,00,000 ரூபாய் வீட்டுக்கடன் வேண்டி 2024 சித்திரையில் வேறொரு பாங்கியில் விண்ணப்பம் கொடுத்தார். வரவு இருந்தது, மனை இருந்தது, பழைய கடன் ஒரு காசு இல்லை. பத்து நாளில் விண்ணப்பம் திரும்பிவந்தது. காரணம் கேட்டதற்கு, அந்த உத்தியோகஸ்தர் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினாராம். அதில் பழைய கடனுக்கு நேராக "செட்டில்டு" என்ற ஒரே ஒரு சொல் இருந்தது. அவர் அன்று மாலையே எம்மிடம் வந்தார். "மாமா, கடன் தீர்ந்துவிட்டது என்று சொன்னீர்களே. எனக்குத் தீர்ந்தது, எழுத்தில் தீரவில்லையே" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை.

அடுத்த வாரம் அவர் வேறு வழி தேடத் தொடங்கினார் என்று கேள்வியுற்றோம். வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் பணம் தருவதாகவும், அதற்கு ஈடாக மனையைக் கிரயமாகவே எழுதிக் கொடுக்கும்படியும், பணம் திரும்பிவந்ததும் மறுகிரயம் செய்து தருவதாகவும் சொன்னாராம். கேட்டவுடன் எமக்கு உறக்கம் போயிற்று. மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36. அதுகூடப் பெரிதன்று. கிரயம் என்று எழுதிப் பதிவு செய்த பின்னர், "அது கடனுக்காகத்தான் எழுதினேன்" என்று நியாயஸ்தலத்தில் மெய்ப்பிப்பதற்கு ஓர் ஆயுள் போதாது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது உண்மையே. ஆனால் தன் கையால் கிரயம் எழுதிக் கொடுத்தவனுக்கு அச்சட்டம் எவ்வளவு தூரம் துணைவரும் என்பதை அந்த இக்கட்டில் அகப்பட்டவரைக் கேட்டால் சொல்வர். ஓடிச்சென்று அவரைத் தடுத்தோம். முத்திரைத்தாள் வாங்குவதற்கு முன்தினம்.

அதன்பின்னரே இவ்விஷயத்தை யாம் படிக்கத் தொடங்கினோம். முன்னமே படித்திருக்க வேண்டும்.

பாங்கிகள் தத்தம் கடனாளிகளைப் பற்றிய செய்திகளைக் கடன்தகவற் கம்பெனிகளுக்கு அனுப்பவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம். இத்தகைய கம்பெனிகள் நம் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், சி.ஆர்.ஐ.எப். ஹைமார்க். முதலாவது 2000ஆம் ஆண்டிலேயே தோன்றியமையால், நால்வரின் வேலையையும் ஜனங்கள் சிபில் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் வாங்கிய ஒவ்வொரு கடனும், அதைச் செலுத்திய விதமும், மாதவாரியாகத் தவறிய நாட்களும் அவ்வறிக்கையிற் பதிவாகின்றன. அவற்றிலிருந்து 300க்கும் 900க்கும் இடையில் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். நம்மவர் அந்த மதிப்பெண்ணையே பெரிதாகப் பேசுகிறார்கள். மதிப்பெண் ஏறும், இறங்கும். கடனுக்கு நேரே நிற்கும் சொல்லே கவனிக்கத்தக்கது.

முழுதும் செலுத்தி முடித்த கடனுக்கு "குளோஸ்டு" என்று எழுதுவர். குறைத்துச் செலுத்தி முடித்ததற்கு "செட்டில்டு". வசூலாகாதென்று பாங்கியார் தம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதற்கு "ரிட்டன் ஆப்". நம்மவர் காதுக்கு முதலிரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இரண்டும் "தீர்ந்தது" என்றே பொருள்படுகின்றன. பாங்கியின் கண்ணுக்கு அவை இரண்டு வெவ்வேறு மனிதரைக் காட்டுகின்றன. ஒருவர் வாக்களித்ததைக் கொடுத்தவர்; மற்றவர் பேசிக் குறைத்துக்கொண்டவர். இரண்டாமவர் நேர்மையற்றவர் என்று அவ்வெழுத்துச் சொல்லவில்லை. ஆயினும் புதிதாகக் கடன் கொடுக்கப்போகிறவர், "எமக்கும் நாளை இப்படித்தானோ" என்று ஐயுறுவதற்கு அதுவே போதுமானதாகிறது. இத்தகவல்களைக் கம்பெனிகள் 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. இங்கிலாந்திலும், கடன் கொடுத்தவர்களுடன் முறையான உடன்பாடு செய்துகொண்டவர் கணக்கில் அச்செய்தி 6 ஆண்டுகள் நிற்கிறது. ஆகவே இது நம் நாட்டுப் பாங்கிகளின் தனிக்கொடுமை என்று சினப்பதற்கில்லை.

அன்றியும் 2023 ஜூனில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. சமரசமாகத் தீர்த்துக்கொண்ட கடனாளிக்கு அதே பாங்கி மறுபடியும் கடன் கொடுப்பதற்குக் குறைந்தது 12 மாதம் ஆறவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. விவசாயக் கடன்களுக்கு அந்தக் காலத்தை ஒவ்வொரு பாங்கியின் நிர்வாகசபையும் தானே வகுத்துக்கொள்ளலாம். "ஒரு வருஷம் கழிந்துவிட்டது, கொடு" என்று இதைக் காட்டிக் கேட்கலாமோ என்றால், முடியாது. 12 மாதம் என்பது குறைந்த அளவு. அதற்கு மேல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பாங்கி தன் விதியில் வைத்துக்கொள்ளலாம். நம் அங்கத்தினர் கணக்கைத் தீர்த்து 26 மாதம் ஆகியும், விண்ணப்பித்தது வேறு பாங்கியாயினும் கதவு அடைபட்டதற்குக் காரணம் இதுவே.

இவ்விடத்தில் சிறிது பின்னோக்கிச் செல்ல விரும்புகிறோம். கடனைக் குறைத்துத் தீர்ப்பதும், அதன்பின் கடன் கிடைக்காமற்போவதும் நம் பாட்டனார் காலத்திலேயே இந்த ராஜதானியிற் கண்ட சங்கதிதான். 1929க்குப் பின் வந்த மந்தத்தில் நெல்விலை விழுந்தது. வாங்கிய கடன் மாத்திரம் விழவில்லை. 1936இல் கடன் சமரசச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். அதன்படி அமைந்த போர்டுகளின் முன்னிலையில் கடனாளியும் கடன் கொடுத்தவரும் ஒரு தொகைக்கு உடன்பட்டுத் தவணை வகுத்துக்கொள்ளலாம். பின்னர் இராஜாஜியின் மந்திரிசபை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொணர்ந்தது. அது இன்னும் கடுமையானது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதியில் நின்ற வட்டி முழுவதும் ஒழிந்தது. அசல் மாத்திரமே கொடுக்கவேண்டும். அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடனே இல்லை. புதிதாக வாங்கும் கடனுக்கு வட்டி நூற்றுக்கு வருஷம் ஆறேகாலுக்கு மேற்படலாகாது.

குடியானவர் கைகொட்டி மகிழ்ந்தனர். ஆனால் மறுவருஷம் விதைநெல்லுக்குப் பணம் வேண்டியபோது, கொடுத்துவந்தவர் கையை மூடிக்கொண்டனர். அக்காலத்துப் பொருளாதார ஆராய்ச்சியாளர் பலரும் இதைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். சட்டம் கடனைக் குறைத்தது. கொடுத்தவன் மனத்திலுள்ள கணக்கை அதனாற் குறைக்க முடியவில்லை. அந்தச் சங்கடத்தில் ஓரளவு துணைநின்றவை நில அடமான பாங்கிகள். சென்னையில் 1929ஆம் ஆண்டிலேயே மத்திய நில அடமான பாங்கி ஏற்பட்டது. 1934இல் அவற்றுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. அவை நிலத்தை ஈடாகப் பெற்று, நெடுந்தவணையிற் கடன் கொடுத்தன. பழைய கடனைத் தீர்ப்பதே அக்கடன்களில் மிகப்பெரும்பாலானவற்றின் நோக்கம். குறைக்கப்பட்ட கடனையுடையவன் என்பதற்காக அவனை விலக்காமல், அந்தக் குறைந்த கடனைத் தீர்ப்பதற்கே நிலத்தின் மேற் பணம் தந்தார்கள். அவன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதினும், நிலத்தின் வில்லங்கத்தையும் விளைவையும் அவன் திருப்பிச் செலுத்தும் சக்தியையும் ஆராய்ந்தார்கள்.

நமக்கு அண்மையிலேயே இன்னொரு பெருமை உண்டு. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் நம் காஞ்சீபுரத்தில், அவ்வருஷம் அக்டோபரிற் பதிவானதே. அத்தகைய சிறு சங்கத்தார்க்குக் கடன் கேட்பவன் முகம் தெரியும்; அவன் ஏன் தவறினான் என்பதும் தெரியும். இன்று யந்திரத்துக்கு முகம் தெரியாது. அதனால் அநீதியும் உண்டு, நன்மையும் உண்டு. முகம் தெரிந்தவர் செய்த ஓரவஞ்சனைகளையும் நம் முன்னோர் அனுபவித்தவர்களே ஆதலின், பழமையை முழுதும் புகழ யாம் முன்வரோம்.

இனி யாம் செய்ததைச் சொல்வோம்.

முதலில் அவருடைய கடனறிக்கையை வருவித்தோம். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் அமலிலுள்ள ஏற்பாடு. நால்வரிடமும் கேட்டு வாங்கினோம். பார்த்தால், மூன்றில் "செட்டில்டு" என்றும், ஒன்றில் இன்னமும் பாக்கி இருப்பதாகவும் காட்டியது! பணம் கட்டி இரண்டு வருஷம் ஆகியும் ஓரிடத்தில் அச்செய்தி போய்ச் சேரவேயில்லை. பாங்கி கொடுத்த கடிதத்தையும் ரசீதையும் இணைத்து முறையிட்டோம். முறையீட்டை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை கொடுக்கவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ளது. எமக்கு அத்தொகை வாங்கும் பாக்கியம் கிட்டவில்லை. 30 நாளுக்குள்ளேயே திருத்திவிட்டார்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று. இதை நம்மவர் பெரிதும் மறக்கிறார்கள், யாமும் மறந்தோம். பத்திரத்தைப் பாங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கும்போது, அந்த ஒப்படைப்பை உத்திரமேரூர்ப் பதிவு அலுவலகத்திற் பதிவு செய்கிறோம். கடன் தீர்ந்தவுடன் பத்திரம் கைக்கு வருகிறது. எல்லாம் முடிந்தது என்று பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தைப் பாங்கி எழுதிக் கொடுத்து அதையும் பதிவு செய்தால் அல்லது, வில்லங்கச் சான்றில் அந்த ஈடு நின்றுகொண்டேயிருக்கும். நம் அங்கத்தினர் மனையின்மேல், தீர்ந்துபோன அந்தக் கடன் 2024ஆம் ஆண்டிலும் அப்படியே நின்றது. புதிய பாங்கியார் சிபிலைப் பொருட்படுத்தாதிருந்தாலும், இது ஒன்றே போதும் விண்ணப்பத்தைத் தள்ளுவதற்கு. பழைய பாங்கிக்கு மூன்று முறை நடந்து அந்த ரசீதை எழுதி வாங்கிப் பதிவு செய்தோம். இப்போது கடன் தீர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முழுதும் செலுத்தியோ சமரசமாகவோ கணக்குத் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துப் பதிவிலுள்ள ஈட்டையும் நீக்கவேண்டும். தவறு பாங்கியுடையதாயின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடனாளிக்குக் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2023 செப்டம்பரிற் கட்டளையிட்டு, அவ்வருஷம் டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்குக் கொணர்ந்தது. இதைக் குறிப்பிட்டுப் பணிவாக ஒரு கடிதம் எழுதினாலே காரியம் விரைந்து நடக்கும்.

மூன்றாவதுதான் கடினமானது. விட்டுக்கொடுத்த அந்த 1,30,000 ரூபாயை இப்போது செலுத்திவிட்டால் "செட்டில்டு" என்பதை "குளோஸ்டு" என்று மாற்றி அனுப்புவீர்களா என்று பழைய பாங்கியாரை எழுத்துமூலமாகக் கேட்டோம். சம்மதம் என்று எழுத்திலேயே விடை வந்தது. முன்னதாக எழுத்து வாங்கிக்கொண்டது யாம் செய்த ஒரே புத்தியுள்ள காரியம். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது, கன்றை ஓட்டிவிட்டுக் கயிற்றைத் தேடுவது போலாகும்.

இது குறித்து நம் நிர்வாகசபையில் பெரிய விவாதம் நடந்ததை உங்களிற் சிலர் அறிவீர். "பாங்கியே வேண்டாமென்று விட்ட பணத்தை இவன் ஏன் கொண்டுபோய்க் கொட்டவேண்டும்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டோம். வீடு கட்டும் அவசரம் இல்லாதவர், கடை வியாபாரத்தை ஒழுங்காக நடத்தி, நகைக்கடன் போன்ற சிறுகடன் ஒன்றை வாங்கித் தவணை பிசகாமற் செலுத்தி, மூன்று நான்கு வருஷம் காத்திருப்பாராயின், பழைய எழுத்தின் கனம் தானே குறையும். கூரை சரிந்துகொண்டிருப்பவர்க்கு அந்த வழி உதவாது. கணக்குப் பார்த்தால், மாதம் மூன்று வட்டியில் 8,00,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டியே 1,44,000 ரூபாய் ஆகிறது. அதைக் காட்டியபின்னர் விவாதம் அடங்கிற்று. சங்க நிதியிலிருந்து 40,000 ரூபாய் வட்டியின்றிக் கொடுக்கத் தீர்மானமாயிற்று. எம் பங்குக்கு 50,000 ரூபாய் கொடுத்தோம். அதைத் தருமம் என்று சில நண்பர் பாராட்டினர். தருமமன்று, தவறான யோசனை சொன்னதற்கு யாம் கட்டிய அபராதம். மீதியை அவரே சேர்த்தார். 2024 மார்கழியில் முழுதும் செலுத்தி, பாக்கியில்லை என்ற சான்றும் பெற்றாயிற்று.

2025 ஜனவரி முதல் பாங்கிகள் பதினைந்து நாளுக்கொரு முறையேனும் தகவல் அனுப்பவேண்டும் என்று விதி வந்தமையால் அதிகம் காத்திருக்கவில்லை. மாசி முடிவதற்குள் நான்கு அறிக்கைகளிலும் சொல் மாறிற்று. தவணை தவறிய பழைய மாதங்களின் அடையாளம் அப்படியே இருந்தது; அதை எவராலும் அழிக்க இயலாது. இங்கே ஓர் எச்சரிக்கை: "பதினைந்தாயிரம் கொடுங்கள், சிபிலையே சுத்தமாக்கித் தருகிறோம்" என்று கைப்பேசியில் அழைப்போர் இருக்கிறார்கள். பிழையைத் திருத்துவதற்குக் காசு வேண்டுவதில்லை. உண்மையை அழிப்பதற்கு எத்தனை காசு கொடுத்தாலும் நடவாது.

ஆவணியில், முன் மறுத்த அதே பாங்கி, மனைவியையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொண்டு 6,00,000 ரூபாய் அனுமதித்தது. கேட்டது எட்டு, கிடைத்தது ஆறு. வட்டியும் மற்றவரினும் அரை சதவீதம் கூடுதல். மாடிவீடு என்று தொடங்கியது தளவீடாகச் சுருங்கிற்று. அதற்கு அவர் வருந்தவில்லை.

பெண்மக்கள் இங்கு நிறைய வந்திருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் கடன் பாக்கியில் இருந்த காலத்தில், அவருடைய தங்கை மகளுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று நின்றுபோயிற்று. "அந்த வீட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்களாம்" என்று யாரோ சொன்னதே காரணம். அவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கவுமில்லை. நியாயஸ்தலத்தில் இன்சால்வென்சி மனுப் போடவுமில்லை. பாங்கி தானே வந்து சொன்ன உடன்பாட்டுக்கு இசைந்தார், அவ்வளவே. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை நம் கல்யாணப் பந்தல்களில் எவருக்கும் தெரிவதில்லை. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டில் வெட்டிய சாசனத்தில், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்று விதித்திருக்கிறார்கள். அது ஊர்ப்பொதுப் பணத்தை ஆண்டவர்க்கு ஏற்பட்ட விதி. தன் கடைக்குத் தான் வாங்கிய கடனை ஊரடங்கினாற் கட்டமுடியாமற்போனவனுக்கும், அவன் தங்கை மகளுக்கும் ஏற்பட்டதன்று. பாங்கிக்காரன் கூட அவர் மனைவியின் பெயரில் பழைய கடனை எழுதவில்லை. நாம் அவர் மருமகள் பெயரில் எழுதிவிட்டோம். அந்தச் சம்பந்தத்தைத் தடுத்த குடும்பத்தார் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நோக்கியே இதைச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நோட்டீசு வந்து, சமரசக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று திகைப்பவர்கள் நம்மிற் குறைந்தது நான்கு குடும்பம் இருப்பது எமக்குத் தெரியும். அவர்களுக்கு "கட்டு" என்றோ "குறைத்துக்கொள்" என்றோ இனிமேல் யாம் திண்ணையிலிருந்து சொல்லமாட்டோம். வருஷங்களில் வீடு கட்டவோ மகனைப் படிக்கவைக்கவோ கடன் வேண்டியிருக்குமா, தவணையை நீட்டித்து முழுதும் செலுத்தப் பாங்கி இசையுமா என்பதை முதலிற் கேட்டறிந்துகொண்டு, குறைத்துத் தீர்த்தால் எந்தச் சொல் எழுதப்படும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்வார்களாக. முழுதும் செலுத்தச் சிறிதும் வழியில்லாதவர் சமரசத்துக்கு இசைவதில் வெட்கமில்லை. வட்டி ஏறி மனையே ஏலத்துக்குப் போவதினும் அது நூறு மடங்கு மேல்.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு, காரியதரிசி அவர்கள் சங்கக் கட்டடத்தில் ஒரு கணினியுடன் இருப்பார். விரும்புவோர் பான் அட்டையையும், ஆதாரையும், அவற்றுடன் இணைத்த கைப்பேசியையும் கொண்டுவந்தால், தத்தம் கடனறிக்கையை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையை அவரவரே படிக்கலாம்; பிறர் பார்க்க வேண்டுவதில்லை. 2008இலும் 2021இலும் தள்ளுபடி பெற்ற விவசாயக் குடும்பத்தார் தங்கள் பழைய கணக்குகள் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றன என்பதை அவசியம் பார்க்கவேண்டும். பத்திரத்தை ஈடுவைத்து மீட்டவர்கள் வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிக்கொள்ளவும் அங்கே ஒருவர் உதவுவார்.

யாம் சொன்ன அந்த அங்கத்தினர் வீட்டுக் கிருகப்பிரவேசம் மாசி மாதத்தில். சரிந்த ஓடுகளை அவர் வீணாக்கவில்லை, மாட்டுக்கொட்டகைக்குப் போட்டிருக்கிறார். கொட்டகை வேலை நேற்றுத்தான் முடிந்தது.